சாமி வெளியே போயிருந்த மாதங்கள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் அத்தையோடு கடைத்தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஜாக்கெட் துணி எடுக்கலாம் என்று கிளம்பியிருப்போம். துணிக்கடைக்கு முன்னால் பாங்கு வந்துவிடும். நின்றுவிடுவாள். “இது நம்முது” என்பாள். கொஞ்ச தூரம் போனால் ஆஸ்பத்திரி. அதுவும் நம்முது. ரைஸ் மில், யூனியன் ஆபீஸ் காம்பவுண்டுச் சுவர், பெண்கள் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் எல்லாமே நம்முது. கேட்கிறவர்கள் பெரிய சொத்துக்காரி என்று நினைத்துக்கொண்டு ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் வெயிலில் வெந்த ஒரு ஒல்லிப் பொம்பளை, ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கறை ஏறிய நூல் புடவை.

அத்தை சித்தாள். என் நைனாவுக்கு அக்கா. கொத்தனார் கேட்கக் கேட்கக் கலவையையும் செங்கல்லையும் தலையில் வைத்துக்கொண்டு ஏணி ஏறுவது அவள் வேலை. எந்தக் கட்டடத்துக்கு அவள் சுமந்து ஏறினாளோ அந்தக் கட்டடம் அவளுடையது. இதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் நான் வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில், சும்மா இருப்பதற்கு இது மேல் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எழுபதுகளின் கடைசி. அந்த ரெண்டு வருஷம் நானும் கலவை சுமந்தேன். எனக்கு எந்தக் கட்டடமும் சொந்தமாகவில்லை. கழுத்துவலிதான் சொந்தமானது.

வெளியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. உள்ளே போய்விடுவாள். ஒரு தரம் பாங்குக்குள் விறுவிறுவென்று போய், பணம் வாங்குகிற ஜன்னலைத் தாண்டி, மூலையில் இருந்த சுவரை விரலை மடக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா வேணும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் வேண்டாம், இந்தச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். வாட்ச்மேன் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கொண்டுவந்து விட்டான். நான் எதிர்ப்பக்கம் சைக்கிள் கடையில் யாருக்கோ காத்திருப்பவளைப் போல நின்றுகொண்டேன். அவளைத் தெரியாதது மாதிரி நிற்பது எனக்கு அப்போது நன்றாகப் பழகியிருந்தது.

உரக்கடைக்காரர் வீட்டு விவகாரம் இன்னும் மோசம். புதுமனை புகுவிழா அன்று வேலை செய்தவர்களுக்கெல்லாம் தோட்டத்தில் இலை போட்டுச் சோறு, ஆளுக்கொரு துணி. அதோடு சரி. அதற்குமேல் அந்த வீட்டு வாசலைத் தாண்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எங்கள் மேஸ்திரி அதை அடிக்கடி சொல்வார். “சாவியக் குடுத்துட்டா அப்பால அது யார் வூடோ, நாம யாரோ.” அத்தை அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. ரெண்டு மாதம் கழித்து என்னோடு அந்த வழியாக வந்தவள், தாகம் என்று உள்ளே போனவள், நேரே அடுப்பங்கரைக்கே போய்விட்டாள். அந்த வீட்டம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்களாம். அலமாரிப் பலகை நன்றாக நிற்கிறதா, பாத்திரம் வைத்தால் ஆடுகிறதா என்று இவள் விசாரித்திருக்கிறாள். அந்தம்மா கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. நாங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் அவர்கள் வீட்டைக் கழுவிவிடுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை நின்று கேட்டாள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தாள். “தோட்டத்துப் பக்கம்தான் ஓடுது. வாட்டம் சரியாத்தான் வச்சிருக்கோம்” என்றாள்.

இது அசட்டுத்தனமா, திமிரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரெண்டும் இருந்தது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்த அன்று அவளைப் பார்க்கணும். எல்லாரும் கை கால் கழுவிக்கொண்டிருப்பார்கள். அவள் மட்டும் அறை அறையாகச் சுற்றுவாள். கயிற்றுத் துண்டு, கிழிந்த சாக்கு, தலையில் வைக்கிற சும்மாடு, கொத்தனாரின் ஒடிந்த கரணை, எதையும் விட்டுவைக்க மாட்டாள். இந்தக் கந்தலை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், “வுட்டுட்டு வந்தா அப்பால தேடிக்கினு போவ முடியாது. உள்ள வுட மாட்டானுங்க” என்பாள். அதாவது, விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் ஈஸ்வரன் கோயில் ஊருக்கு நடுவில் இருக்கிறது. எங்கள் காலனி ஏரிக்கால்வாய்க்கு இந்தப் பக்கம். நாங்கள் கோயிலுக்குள் போகக் கூடாது என்று யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. எல்லாரும் போகலாம் என்று நான் பிறப்பதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. சட்டம் உத்திரமேரூர்வரை பஸ்ஸில் வந்திருக்கும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு நடந்துதான் வரவேண்டும். அதற்குக் கால் வலித்திருக்கும் போல. நாங்கள் தெருவில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவோம். தேர்த்திருவிழாவில் சாமி வெளியே வந்தால் தூரத்திலிருந்து பார்ப்போம். மற்றபடி உள்ளே இருப்பது லிங்கம் என்று கேள்விப்பட்டதுதான்.

அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்று ஊரில் பேச்சு வந்தது. மேலே ஆலங்கன்று வேர் விட்டுச் சுவர் பிளந்திருந்தது. கர்ப்பகிரகத்தில் தரை இறங்கி லிங்கமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்றார்கள். தர்மகர்த்தா எங்கள் மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டார். மேஸ்திரியிடம் இருந்த சித்தாள் அத்தனை பேரும் காலனிப் பொம்பளைகள். வேறு ஆட்களைக் கொண்டுவர முடியுமா என்று தர்மகர்த்தா கேட்டிருக்கிறார். ஊர்க்காரர்கள் வீட்டுப் பெண்கள் கலவை சுமப்பார்களா என்று மேஸ்திரி திருப்பிக் கேட்டிருக்கிறார்.

வழி சொன்னது குருக்கள். கனத்த உடம்பு, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். எதையும் அலட்டிக்கொள்ளாமல் பேசுவார். கோயில் வேலை தொடங்குவதற்கு முன்னால் பாலாலயம் என்று ஒன்று செய்வார்கள். லிங்கத்தில் இருக்கிற சக்தியை மந்திரம் சொல்லிக் கும்பத்துத் தண்ணீரில் இறக்கி, அங்கிருந்து அத்திப் பலகையில் எழுதிய ஒரு படத்துக்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் பலகையைப் பிரகாரத்தில் ஒரு கீற்றுக்கொட்டகையில் வைத்து, விளக்கு, பூசை எல்லாம் அங்கேயே நடக்கும். வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆகும்வரை லிங்கம் வெறும் கல், கர்ப்பகிரகம் வெறும் அறை. யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். குருக்கள் இதைச் சொன்னதும் தர்மகர்த்தா முகம் தெளிந்தது என்று மேஸ்திரி சொல்லிச் சிரித்தார். சாமி இருந்தால் நாங்கள் கூடாது, சாமி இல்லையென்றால் நாங்கள் இல்லாமல் முடியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படித்தான் நாங்கள் உள்ளே போனோம். பாங்குக்குள்ளும் அடுப்பங்கரைக்குள்ளும் கேட்காமல் புகுகிற அத்தை, அன்றைக்குக் கர்ப்பகிரகத்து வாசற்படியில் கலவைச் சட்டியோடு நின்றுவிட்டாள். பின்னால் நாங்கள் வரிசையாக நிற்கிறோம், தலையில் பாரம். உள்ளே யாரும் இல்லை, போ என்று மேஸ்திரி விரட்டினார். குனிய முடியாததால் கால் விரலால் படியைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வெளியில் சித்திரை வெயில் கொளுத்தும். உள்ளே சில்லென்று இருக்கும். வௌவால் நாற்றமும் பல காலத்து எண்ணெய்ப் பிசுக்கும் முதல் வாரம் குமட்டியது. அப்புறம் பழகிவிட்டது. மத்தியானம் சோறு தின்ன அதைவிட நல்ல இடம் கிடையாது. கர்ப்பகிரகத்துக்குள் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து கேழ்வரகுக் கூழைக் குடித்தோம். கருவாடு மட்டும் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். ஒரு நாள் மேஸ்திரி உள்ளேயே பீடி பற்றவைத்தார். “ஆள் இல்லாத வூடுன்னா பீடி புடிப்பியா? வெளிய போய்ப் புடி” என்றாள். மேஸ்திரி சாமியே இல்லாதபோது என்ன என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். லிங்கத்தைப் பேர்த்து மண்டபத்தில் வைக்கோல் மேல் கிடத்தி, சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். காற்றில் சாக்கு விலகியிருந்தால் போகிற போக்கில் இழுத்து மூடிவிட்டுப் போவாள். கும்பிட மாட்டாள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி மூடுவாள்.

தரையை முழுக்கத் தோண்டிப் புதுசாகப் போட்டோம். மணல் பழையசீவரத்துப் பாலாற்றிலிருந்து வண்டியில் வந்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டித் தட்டிக் கெட்டியாக்கி, மேலே கல் பாவ வேண்டும். தட்டுகிற வேலை பொம்பளைகளுக்கு. வரிசையாகக் குந்திக்கொண்டு கட்டையால் அடித்துக்கொண்டே போவோம். அப்படி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தை அதைச் சொன்னாள். “சாமிய எடுத்தாந்து குந்த வச்ச அப்பால ஒரு தபா வந்து பாக்கணும்டி. நான் போட்ட தரையில சாமி எப்படி குந்திக்கினு கீதுன்னு பாக்கணும்.”

நடக்கிற பேச்சைப் பேசு அத்தே என்றேன். அவள் விடவில்லை. அதிலிருந்து தினம் அதுவே பேச்சு. வாசலில் நின்று பார்த்தால்கூடப் போதும் என்பாள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்துவிடுவேன், யாருக்கும் தொந்தரவு இல்லை என்பாள். நான் பயந்தேன். இது உரக்கடைக்காரர் வீடு இல்லை. இவள் போய் நின்றாள் என்றால் கழுவிவிடுவதோடு போகாது, காலனியில் நாலு பேர் மண்டை உடையும். என் நைனாவிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். பேஜார் பண்ணாதே, வந்தோமா, வேலையைப் பார்த்தோமா, போனோமா என்று இரு என்றார். அத்தை அவருக்கு மூத்தவள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

கர்ப்பகிரகத்தில் வடக்குச் சுவரை ஒட்டித் தரையோரமாக ஒரு துவாரம் உண்டு. அபிஷேகத் தண்ணீர் அதன் வழியாகச் சுவருக்குள் போய், வெளியே மாட்டு முகம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற கல் மூக்கு வழியாக விழும். தளம் போடும்போது சுண்ணாம்புக் கலவை அதில் விழுந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மேஸ்திரி அத்தையைத் துணி வைத்து அடைக்கச் சொன்னார். அத்தை பழைய புடவைத் துண்டைப் பந்தாகச் சுருட்டி, முழங்கைவரை கையை விட்டு உள்ளே திணித்து, அசையாமல் இருக்க ஓட்டுச்சில் ஒன்றையும் செருகினாள். கல் பாவியபிறகு அந்த வாய் இன்னும் குறுகலாகிவிட்டது.

கும்பாபிஷேகம் ஜோராக நடந்தது. நாங்கள் குளக்கரையில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். கோபுரத்தில் தண்ணீர் ஊற்றியபோது எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நாங்களும் தூக்கினோம். எங்கள்மேல் ஒரு சொட்டும் விழவில்லை. அது முடிந்து உள்ளே லிங்கத்துக்கு அபிஷேகம் ஆரம்பித்தது. குடம் குடமாக ஊற்றினார்களாம். கொஞ்ச நேரத்தில் கோயிலுக்குள்ளிருந்து ஒரே கூச்சல். கர்ப்பகிரகத்திலிருந்து தண்ணீர் பொங்கிப் படியைத் தாண்டி வருகிறது. கங்கையே வந்துவிட்டாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். பெண்கள் விழுந்து விழுந்து அந்தத் தண்ணீரைச் சொம்பில் பிடித்தார்கள். தலையில் தெளித்துக்கொண்டார்கள். மறுநாள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். புள்ளலூரிலிருந்து ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு வந்து குடத்தில் எடுத்துப் போனது.

அத்தையும் நானும் கால்வாயில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே தண்ணீர் வடியாமல் அப்படியே நிற்கிறது என்று சேதி வந்தது. அவள் துவைப்பதை நிறுத்தவில்லை. நான்தான் அவளையே பார்த்தேன். ஒரு முழக் கயிற்றை விட்டுவிட்டு வராதவள்.

“அத்தே, அந்தத் துணிய எடுத்தியா?”

“எந்தத் துணி?” என்றாள். அப்புறம், “அவசரத்துல மறந்துட்டேன் போல கீது” என்றாள். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

கங்கையில் பால் கலந்தது, தயிர் கலந்தது, பஞ்சாமிர்தமும் தேனும் கலந்தது. வடிய வழி இல்லை. ஒரு வாரத்தில் புளித்த வாடை மண்டபத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. குருக்கள் கணுக்கால் தண்ணீரில் நின்று பூசை செய்து சேற்றுப்புண் வந்து விரலிடுக்கெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு நடந்தார். கூட்டம் குறைந்துவிட்டது. சொம்பில் பிடித்து வைத்தவர்கள் யாருக்கும் தெரியாமல் வாழைக்கு ஊற்றினார்கள். வெளியிலிருந்து மூங்கில் குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். துணி இன்னும் இறுகியதுதான் மிச்சம். உள்ளேயிருந்து எடுக்கலாம் என்றால் குருக்கள் கை அந்தச் சந்தில் மணிக்கட்டுக்குமேல் போகவில்லை. மடைப்பள்ளியில் சமைக்கிற ஒருவர், குருக்களுக்குச் சொந்தம், ஒல்லியானவர், அவரை விட்டுப் பார்த்தார்கள். விரலில் ஏதோ வழவழவென்று பட்டதும் பாம்பு என்று அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார். அது பால் ஊறிய புடவைத் துண்டுதான். அதற்குப்பிறகு யாரும் கையை விடத் தயாராக இல்லை.

தர்மகர்த்தா மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி அத்தையைக் கூப்பிட்டார். கோயில் வாசலுக்கு வெளியே தெருவில் வைத்துப் பேச்சு. நானும் கூடப் போனேன். எங்கள் தெரு ஆட்கள், என் நைனா உட்பட, தர்மகர்த்தாவை, எஜமானே என்கிற மாதிரி, ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தை மட்டும் ‘பெரியவரே’ என்பாள். அவருக்கு அது பிடிக்காது. ஆனால் அதில் குறை சொல்லவும் வழியில்லை.

துணியை வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். வந்து எடுத்துத் தருகிறேன் என்றாள். செங்கல்லா கருங்கல்லா என்று கேட்பது மாதிரி அடுத்ததையும் கேட்டாள். “சாமி இருக்கும்போதே வரட்டா, எடுத்து வச்சிட்டுக் கூப்புடறீங்களா?”

தர்மகர்த்தாவைக் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வைக்கோல் போர் பற்றி எங்கள் தெருக் குடிசைகள் எரிந்தபோது மூங்கில் கொடுத்தவர். அவருக்கு உண்மையாகவே பயம் இருந்தது. கர்ப்பகிரகத்துக்குள் குருக்கள் வீட்டு ஆட்களைத் தவிர யாரும் போகக் கூடாது, நானே போகமாட்டேன், உன்னை மட்டும் சொல்லவில்லை என்றார்.

“நான் உள்ள வரணும்னு கேக்கல பெரியவரே. நீங்க நிக்கிற எடத்துல நின்னு பாத்தாவே எனக்குப் போதும். உள்ள கூப்புடறது நீங்கதான்.”

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். தர்மகர்த்தா கோபப்படவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிலைமை அப்படி. சாமியை முறையாக எடுத்துவைத்து மறுபடியும் பாலாலயம் செய்தால், கும்பாபிஷேகம் பழுது என்று ஊர் சிரிக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் சும்மா விடமாட்டார்கள். சாமி இருக்கும்போதே காலனிப் பொம்பளையை உள்ளே விட்டால் ஊரில் பாதிப் பேர் இனி கோயிலுக்கு வரமாட்டார்கள். நாற்றமோ நாளுக்கு நாள் ஏறுகிறது.

அப்போதும் குருக்கள்தான் வழி சொன்னார். மத்தியானம் நடை சாத்தியபிறகு, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சாமியைக் கும்பத்தில் இறக்கிவைத்துவிடுகிறேன், இவள் வந்து எடுத்துவிட்டுப் போகட்டும், உடனே திரும்பச் சேர்த்துவிடுகிறேன் என்றார். அப்படிச் செய்யலாமா என்று தர்மகர்த்தா கேட்டார். ஆபத்துக்கு எல்லாம் உண்டு என்றார் குருக்கள்.

அத்தை முகம் விழுந்துவிட்டது. நான் பார்த்தேன். சாமி இல்லாத அறையை அவள் சித்திரையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்கா மறுபடியும் கூப்பிடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இருந்தாலும் அன்றைக்குத் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அடைப்பு எடுக்கப் போகிறவளுக்கு இது எதற்கு என்று மேஸ்திரி கிண்டல் செய்தார். தெருக்கதவைச் சாத்திவிட்டு எங்களைப் பக்கவாட்டு வழியாக உள்ளே விட்டார்கள். அழுக்குத் துணியை வாங்கிக்கொள்ள நான் வாளியோடு முன்மண்டபத்தில் நின்றேன். தர்மகர்த்தா தள்ளி நின்றார். குருக்கள் உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் மந்திரம் சொன்னார். மாவிலையும் தேங்காயும் வைத்த கும்பத்தைப் பட்டுத்துணி சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, மண்டபத்தில் இலை போட்டுப் பரப்பிய பச்சரிசிமேல் வைத்தார். தர்மகர்த்தா கும்பத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கும்பத்தைக் கும்பிட்டேன். அவ்வளவு கிட்டத்தில் சாமியை நான் பார்த்ததே இல்லை.

குருக்கள் கைவிளக்கோடு உள்ளே போனார். அத்தை பின்னாலேயே போனாள். இந்தத் தடவை படியைக் கையால் தொட்டாள். அவள் தண்ணீரில் இறங்குகிற சத்தமும் குந்துகிற சத்தமும் கேட்டது. குருக்கள் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். இடத்தைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை.

“வரல சாமி. இறுகிக்கினு கீது” என்று அத்தை குரல் வந்தது.

தர்மகர்த்தா வெளிக்கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நேரமா என்றார். ஊறின துணி, இழுத்தால் கிழியும், பொறுங்கோ என்று குருக்கள் உள்ளேயிருந்து பதில் சொன்னார். மறுபடியும் அத்தை, “வரல, வரல” என்றாள். அப்புறம் மடமடவென்று தண்ணீர் இறங்குகிற ஓசை. வெளியே கல் மூக்கிலிருந்து அது கொட்டுகிற சத்தமும் நாற்றமும் ஒன்றாக வந்தன. அத்தை வெளியே வந்து துணியை என் வாளியில் போட்டாள். புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. குருக்கள் கும்பத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் வந்தவழியே வெளியே வந்தோம். தரையைக் கழுவியிருப்பார்கள். தண்ணீர் இப்போது நன்றாகவே ஓடியிருக்கும்.

அதற்குப்பிறகும் அத்தை மாறவில்லை. தாமலில் ஒரு பள்ளிக்கூடம், காஞ்சிபுரம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் என்று சொத்து சேர்ந்துகொண்டே போனது. கோயிலை மட்டும் ஒரு நாளும் நம்முது என்று சொல்லவில்லை. அப்போ ஈஸ்வரன் கோயிலும் உன்னுதுதானா என்று யாராவது சீண்டினால் பேச்சை மாற்றிவிடுவாள். சாமி இல்லாத அறைக்குள் கூப்பிட்டு அவமானப்படுத்தியதில் மனசு விட்டுப்போயிற்று என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். பாவம் என்றும் நினைத்தேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை கிடைத்து நான் கலவை சுமப்பதை விட்டேன். அவளும் இடுப்பு விழுந்து வேலைக்குப் போவதை விட்டாள். ஒரு மத்தியானம் குருக்கள் காலமாகிவிட்டார் என்று சேதி வந்தது. அவள் படுத்திருந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இனிமே சொன்னா அவருக்கு ஒண்ணும் ஆவாது என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு உள்ளே நடந்ததைச் சொன்னாள்.

“நான் சாமிய எடுக்கல, கும்பத்துல வெறும் தண்ணி, எடுத்தா திரும்ப வைக்க என்னால ஆகாது, உள்ளேதான் இருக்கார், பாத்துக்கோன்னாருடி. விளக்கத் தூக்கிப் புடிச்சாரு.”

மனிதர் இரக்கப்பட்டுச் செய்தாரா, வேலை மிச்சம் என்று செய்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தைக்கு அந்தக் கேள்வியே இல்லை.

“துணி கை வச்ச ஒடனே வந்துடுச்சி. தண்ணி எறங்காம அத அந்த ஓட்டையிலியே அழுத்திப் புடிச்சிக்கினு, வரல வரலன்னு சொல்லிக்கினே அங்கியே குந்தியிருந்தேன்.”